கடைசிக் கம்பத்து வீடு

தெருவின் கடைசிக் கம்பத்திலிருந்து இரண்டு வீடுகளுக்குத்தான் ஒயர் போகிறது. ஒன்று பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. இன்னொன்று லைன்மேனின் வீடு. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்து மிச்சம் இருந்தால்தான் லைன்மேன் வீட்டுக்குப் போகும் என்று நெட்டை சொல்லிச் சிரிப்பார். நெட்டையும் லைன்மேனும் ஒரே ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள். ஒருவர் மேலே ஏறினால் மற்றவர் கீழே கயிறு பிடிப்பார். நெட்டைக்கு உயரம் அதிகம் என்பதால் அநேகமாக ஏறுவது அவர்தான். "ரெண்டு படி மிச்சம்" என்பார் லைன்மேன்.

லைன்மேனின் மனைவி கோழிக்குஞ்சு பொரித்து விற்றாள். முன்னறை ஜன்னலை ஒட்டி, பீரோ அளவுக்கு ஒரு பெட்டி. உள்ளே தட்டுத் தட்டாக முட்டைகள். பல்பும் சின்ன மின்விசிறியும் ஓயாமல் ஓட வேண்டும். சூடு இறங்கினால் உள்ளே இருக்கும் உயிர் அப்படியே நின்றுவிடும். காலையும் மாலையும் முட்டைகளைத் திருப்பி வைப்பாள். சில நாள் ஆனதும் ஒவ்வொன்றாக எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். நரம்பு ஓடியிருந்தால் மறுபடியும் தட்டுக்குப் போகும். ஓடாததைக் கூமுட்டை என்று ஒதுக்கிவிடுவாள். அந்த வார்த்தை அந்த வீட்டில் மனிதர்களுக்கும் தாராளமாகப் புழங்கியது.

போன காற்றுக்காலத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் கரண்ட் வரவில்லை. பெட்டியில் இருந்தது அத்தனையும் போயிற்று. பொரிக்க இரண்டு நாள்தான் இருந்தது. அவள் முட்டைகளைக் கூடையில் அள்ளிக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து, இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அவளுடைய தம்பி வீடுகளின் கூரையில் சோலார் தகடு மாட்டுகிறவன். எங்கோ கழற்றிய நான்கு தகடுகளைக் கொண்டுவந்து அக்கா வீட்டு மாடியில் மாட்டினான். பின்கட்டில் பேட்டரியும் இன்வெர்ட்டரும் வைத்தான். முறையாகச் செய்தால் தனியாக ஒயர் இழுத்துத் தனிப் பெட்டி வைக்க வேண்டும். சுவரைக் கொத்த வேண்டும், ஆள் வேண்டும், நாள் வேண்டும். அதற்குப் பதில் இரண்டு முனையிலும் பின் வைத்த ஒரு ஒயரைச் செய்து கொடுத்தான். ஒரு முனையை இன்வெர்ட்டரில் சொருகி, மறுமுனையைச் சுவரில் இருக்கும் பிளக்கில் சொருகினால் போதும். கரண்ட் வெளியே வருகிற ஓட்டை வழியாகவே உள்ளே போய் வீடு முழுக்கப் பரவும். பெட்டிக்கு மட்டும் நேராகக் கொடுத்தால் போதாதா என்றால், போதும்தான். ஆனால் வீட்டில் விளக்கும் விசிறியும் சேர்ந்தே ஓடும் என்னும்போது யாருக்குத்தான் ஆசை வராது.

நிபந்தனை ஒன்றே ஒன்று. சொருகுவதற்கு முன்னால் வாசற்கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் மெயின் சுவிட்சை இறக்கிவிட வேண்டும். இறக்காவிட்டால் அந்தக் கரண்ட் வீட்டோடு நிற்காது. வாசல் வழியாக வெளியேறிக் கம்பத்துக்குப் போய்விடும்.

"வேற வீட்டுல இதைப் பார்த்தேன்னா பீஸைப் புடுங்கிட்டுத்தான் மறுபேச்சு" என்றார் லைன்மேன்.

"வேற வீட்டுல லைன்மேன் இல்லையே மாமா" என்றான் மைத்துனன்.

 லைன்மேன் மெயின் பிடிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார். அவர் வீட்டில் இருக்கும்போது கரண்ட் போனால் மெயினை இறக்குவது அவர் வேலை. அவர் இல்லாதபோது அவள் வேலை. அவர் "இறக்கியாச்சு" என்று குரல் கொடுப்பார், அவள் பின்கட்டில் சொருகுவாள். நாளடைவில் குரல் கொடுப்பதுகூட நின்றுபோயிற்று. காலடிச் சத்தம் வாசல்வரை போய்த் திரும்பினால் இறக்கியாயிற்று என்று அர்த்தம். ஒரு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அன்றைக்குக் காலையிலிருந்தே காற்று. எட்டுத் தெருவுக்கும் கரண்ட் அப்போதுதான் போயிருந்தது. லைன்மேன் சாப்பிட உட்கார்ந்தபோது வெளியே படாரென்று ஒரு சத்தம். கிளை ஒன்று முறிந்து, கடைசிக் கம்பத்துக்கும் அதற்கு முந்தின கம்பத்துக்கும் நடுவே கம்பியை அறுத்துக்கொண்டு விழுந்திருந்தது. அவர் பாதி ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டே எழுந்து, வாசற்கதவைத் தாண்டி வெளியே ஓடினார்.

நெட்டை ஏணியோடு வந்து சேர்ந்தார். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்குப் போய் பீஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். டிரான்ஸ்ஃபார்மரின் பீஸ் பெட்டியில் இரண்டு வரிசை. மேல் வரிசை இந்தத் தெருவுக்கு, கீழ் வரிசை பின்தெருவுக்கு. தப்பித் தவறிக் கரண்ட் வந்தால் தரைக்கு இறக்கிவிடும் எர்த் கம்பி ஆபீசிலேயே கிடந்தது. இத்தனை சின்ன வேலைக்கு அதை அவர்கள் தூக்கி வருவதில்லை. நெட்டை கம்பத்தில் ஏறிப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். கரண்ட் இருந்தால் கை தானாகச் சுருங்கி விலகிக்கொள்ளும் என்பதற்காகப் புறங்கை. ஒன்றுமில்லை.

"செத்த பாம்பு" என்றார் மேலேயிருந்து. "கயித்தை இழுங்கண்ணே."

வீட்டுக்குள் பெட்டியின் சூட்டுமானி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் முதலில் பெட்டிமேல் கம்பளியைப் போட்டாள். பிறகு இன்னொன்றைப் போட்டாள். லைன்மேன் வாசல்வரை ஓடிய சத்தம் அவள் காதில் இருந்தது. பின்கட்டுக்குப் போய் ஒயரைச் சொருகினாள். பல்பு எரிந்தது. உட்கார்ந்து கம்பளிகளை மடித்தாள்.

நெட்டையின் இரண்டு கையிலும் அறுந்த கம்பியின் இரண்டு முனைகள் இருந்தன. அவர் சத்தமே போடவில்லை. உடம்பு ஒருமுறை விறைத்தது. பிறகு பிடி விட்டுக் கீழே விழுந்தார். விழுந்த இடத்தில் முறிந்த கிளையின் இலைகள் குவிந்திருந்தன. அதனால்தான் பிழைத்தார் என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள்.

லைன்மேன் அவரைப் புரட்டி மார்பில் குத்தினார். மூச்சு வந்தது. நிமிர்ந்தபோது தன் வீட்டு ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது. எட்டுத் தெருவுக்கும் இல்லாத வெளிச்சம். அவர் ஓடிப்போய் மெயினை இறக்கினார். உள்ளேயிருந்து வந்த மனைவி, அவர் கை சிவப்புப் பிடியின்மேல் இருந்ததைப் பார்த்தாள்.  தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

நெட்டையின் தோள் எலும்பு முறிந்திருந்தது. இடது உள்ளங்கை கருகியிருந்தது. விரல்கள் மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அன்று மாலை, மைத்துனன் பின்கட்டில் குந்தியிருந்து அந்த ஒயரைத் துண்டு துண்டாக நறுக்கினான். லைன்மேன் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தார்.

"இனி ஒண்ணும் இல்ல மாமா. யாரு வந்து பார்த்தாலும் பேட்டரி இருக்கு, தகடு இருக்கு, அவ்வளவுதான்."

அவன் அக்கா முட்டைகளைத் திருப்பிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"ஏன்டா, வேற யாருக்காவது இந்த மாதிரி செஞ்சு குடுத்திருக்கியா?"

அவன் கத்தியைத் துடைத்தான்.

"உன்னத்தான் கேக்குறேன்."

"நாலஞ்சு வீட்டுக்கு. கேட்டாங்கக்கா. எல்லாருமே மெயினை இறக்கித்தான் போடுறாங்க."

"நாங்களும் இறக்கித்தான் போட்டோம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கடைசித் தட்டையும் முடித்துப் பெட்டியைச் சாத்தினாள்.

"விடிஞ்சதும் போய் எல்லாத்தையும் வாங்கிட்டு வந்துடு. என்ன சொல்லி வாங்குவியோ, எனக்குத் தெரியாது. கூமுட்டை."

அவன் போய்விட்டான். காற்று நின்றிருந்தது. வேறொரு குழு வந்து லைனை இழுத்துக் கட்டி, பீஸைச் சொருகிவிட்டுப் போயிருந்தது. விளக்கு வழக்கம்போல மங்கலாக எரிந்தது.

"மெயினை நீங்க இறக்கலையா?" என்றாள்.

"நீ இறக்கலையா?"

"நீங்க வீட்டுல இருந்தீங்க."

"நான் எங்க வீட்டுல இருந்தேன்? தெருவுல இருந்தேன்."

"கதவைத் தாண்டித்தானே போனீங்க. கையை நீட்டியிருந்தா எட்டியிருக்கும்."

"சொருகுனது யாரு?"

அவள் எழுந்துபோனாள். சாப்பாட்டை எடுத்து வைத்தாள். இரண்டு பேரும் கொஞ்சம் சாப்பிட்டார்கள். எச்சில் தட்டைக் கழுவும்போது, அங்கிருந்தே, தனக்குச் சொல்லிக்கொள்வதுபோல, "வாசல்வரைக்கும் போன சத்தம் கேட்டுச்சு" என்றாள்.

மறுநாள் உதவிப் பொறியாளரான ஏஇ மேடம் விசாரிக்க வந்தார். சின்ன வயசு. ராத்திரி முழுக்க வேறொரு விபத்துக்காக அலைந்து, கண் சிவந்திருந்தது. கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"அந்த நேரத்துல சப்ஸ்டேஷன்ல ஒருதரம் கரண்ட் போட்டுப் பார்த்திருக்காங்க. நிக்கல, உடனே கட் ஆயிடுச்சு. கண் மூடித் திறக்குற நேரம்தான். அது போதுமே. மேல் வரிசை பீஸுக்குப் பதிலா கீழ் வரிசையைப் புடுங்கியிருப்பார்னு தோணுது."

"அவனா? அவன் கண்ணைக் கட்டி விட்டாலும் சரியாப் புடுங்குவான் மேடம்."

"சாயந்திரம் சொருகுன ஆளுங்களைக் கேட்டேன். எந்த வரிசை காலியா இருந்துச்சுன்னு அவங்களுக்கு ஞாபகமில்ல. காலியா இருந்ததுல சொருகினோம்ங்கிறாங்க. வேற எங்கிருந்து வரும்? நீங்களே சொல்லுங்க."

லைன்மேன் கம்பத்தைப் பார்த்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கரண்ட் ஒரு பக்கமிருந்துதான் வரும். பெரிய கம்பியிலிருந்து சின்னக் கம்பிக்கு, அங்கிருந்து வீட்டுக்கு. மேலே அறுத்துவிட்டால் கீழே இருப்பதெல்லாம் வெறும் உலோகம். இப்போது ஒவ்வொரு கூரையும் ஒரு சின்ன மின் நிலையம். நல்ல காரியம்தான், வெயில் சும்மாதானே விழுகிறது. ஆனால் கம்பத்தில் ஏறுகிறவனுக்கு எது தலை, எது வால் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஏஇயின் பார்வை மெல்ல மாடிக்குப் போயிற்று.

"உங்க வீட்டு சோலார்?"

"அது தனி லைன் மேடம்" என்றார் லைன்மேன். "பெட்டிக்கு மட்டும்."

"ம். உங்களுக்குப் போய் நான் சொல்லணுமா." அவர் வண்டியில் ஏறினார். "சொந்தத் தப்புன்னு போச்சுன்னா அவருக்கு வேலையே சிக்கல்தான். எனக்கும் சங்கடமா இருக்கு. ஆனா வேற ஒண்ணும் கிடைக்கலையே."

ஜன்னலுக்கு உட்புறம் அவள் முட்டையைக் கையில் வைத்தபடி நின்றிருந்தாள். அவர் உள்ளே வந்ததும் அதைத் தட்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டாள்.

லைன்மேன் தினமும் வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து, சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேட்பார். நெட்டை முதல் இரண்டு நாள் ஜோக்கடித்தார். கட்டில் தன் அளவுக்கு இல்லை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காலில் போகிற வருகிறவர்கள் இடித்துக்கொள்கிறார்கள், வெட்டிவிடலாமா என்று நர்ஸம்மா கேட்கிறார்கள் என்றார். அப்புறம் பேச்சு குறைந்தது. லைன்மேனுக்கு அது சௌகரியமாக இருந்தது. சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

வீட்டிலும் அப்படித்தான். அவள் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. தம்பி ஒயர்களை வாங்கிக்கொண்டு வந்து, நான்கு வந்துவிட்டது, ஒரு வீட்டில் மட்டும் தர மாட்டேன் என்கிறார்கள் என்றான். "அவங்க ஒயரைத் தராட்டி நான் உன் அக்காவே இல்லைன்னு போய்ச் சொல்லு" என்றாள். "அவங்க வீட்டு ஒயருக்கும் அதுக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்றான். "சம்பந்தம் கண்டுபிடி" என்றாள். சாயந்திரம் அதுவும் வந்து சேர்ந்தது.

நாலாம் நாள் அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீ எதுக்கு?"

"பார்க்கத்தான். நானும் மனுஷிதானே."



வார்டில் நெட்டை சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி எழுந்து, "வாங்கக்கா, உட்காருங்க" என்று தன் இடத்தைக் கொடுத்தாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ வானொலியைச் சன்னமாக வைத்திருந்தார்கள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்" என்றார் நெட்டை. "நான் பீஸைப் புடுங்கினப்ப நீங்க பார்த்தீங்களா?"

"நான் கம்பத்தடியில கயிறு கட்டிக்கிட்டிருந்தேன்."

"பார்க்கல."

"இல்லடா."

"மேல் வரிசைக்குத்தான் கை போச்சு. அப்படித்தான் நினைப்பு. ஆனா எத்தனை வருஷமா தினமும் அதே கை அதே வரிசைக்குப் போகுது. என் ஞாபகத்துல இருக்குறது அன்னைக்குப் புடுங்கினதா, வேற நாள் புடுங்கினதான்னு எப்படிச் சொல்றது? படுத்துக்கிட்டே தினம் புடுங்கிப் பார்க்குறேன். ஒருநாள் மேல போகுது. ஒருநாள் கீழ போகுது."

"இப்படித்தாண்ணே ராத்திரியெல்லாம்" என்றாள் அவர் மனைவி. "தூங்காம கையைத் தூக்கித் தூக்கிப் பார்க்குறாரு."

"மேடம் நாளைக்கு வர்றாங்களாம்" என்றார் நெட்டை. "கீழ் வரிசையைத்தான் புடுங்கினேன்னு ஒத்துக்கப்போறேன். வேலை போனாப் போகட்டும். கையை நம்ப முடியாதவன் கம்பத்துல ஏறக் கூடாதுண்ணே. என்னை விடுங்க. நாளைக்கு நீங்க மேல இருந்து, நான் கீழ நின்னு தப்பாப் புடுங்கிட்டா?"

லைன்மேன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லைன்மேனின் மனைவி அவரைப் பார்த்தாள். வார்டில் யாரோ இருமினார்கள். வானொலியில் ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது. நெட்டை கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து, அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார்.

"எங்க வீட்டுல இருந்து வந்துச்சுடா" என்றார் லைன்மேன்.

"என்னது?"

"கரண்ட். மேல இருந்து வரல. எங்க வீட்டுல இருந்து வந்துச்சு. மாடியில இருக்குல்ல, அதுல இருந்து. பிளக்குல சொருகியிருந்துச்சு. மெயினை இறக்கல."

நெட்டை அசையவில்லை. உதடு மட்டும் எதையோ முணுமுணுத்தது.

"அப்ப நான் மேல் வரிசையத்தான் புடுங்கியிருக்கேன்."

"ஆமாடா."

"மேல் வரிசை."

"மேல் வரிசைதான். நீ சரியாத்தான் புடுங்கின."

நெட்டை மனைவியின் பக்கம் திரும்பினார். "கேட்டியா? நான் சரியாத்தான் புடுங்கியிருக்கேன். சொன்னேன்ல, மேலதான் கை போச்சுன்னு சொன்னேன்ல!" முகம் முழுக்கச் சிரிப்பு. கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் வழிந்தது. துடைக்கத் தூக்கின கை கட்டுப்போட்ட கையாக இருந்தது. அதை அப்படியே இறக்கினார். பிறகு, அறுந்த லைனைத் தேடிக் கம்பம் கம்பமாகப் பின்னால் நடக்கிறவர்போல அவர் யோசிப்பது தெரிந்தது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அன்னைக்கே."

"அன்னைக்கேன்னா?"

"நீ கீழ கிடந்தப்பவே."

நெட்டை ஸ்டூலைப் பார்த்தார். "தினம் இதுல உட்கார்ந்து சாப்பிட்டியான்னு கேட்டீங்க."

 தலையணைக்கு அடியிலிருந்து நெட்டையின் மனைவி போனை எடுத்தாள். இத்தனை நாள் அண்ணே என்று கூப்பிட்டவள், இப்போது எப்படியும் கூப்பிடவில்லை.

"அந்த மேடத்துக்குப் பேசுங்க. இங்கேயே. எங்க முன்னாடி."

அவளே நம்பரைத் தேடிப் போட்டுக் கொடுத்தாள். மணி போனது. லைன்மேன் எழுந்து நின்றுகொண்டார். எடுத்ததும் தன் பெயரைச் சொன்னார். நெட்டையிடம் சொன்ன அதே வார்த்தைகளை அதே வரிசையில் சொன்னார். ஒயரைச் சொன்னார். அதைச் செய்தது யார் என்பதையும் சொன்னார்.  போன் சத்தம் அதிகமாக வைக்கப்பட்டிருந்ததால், அடுத்துப் பேசியது கட்டிலைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"தனி லைன்னு சொன்னீங்களே."

"பொய் சொன்னேன் மேடம்."

"உங்க வேலை என்னாகும்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"யாரு மெயினை இறக்காம விட்டது? நீங்களா, உங்க மனைவியா?"

லைன்மேன் வாயைத் திறந்தார். அந்தக் கேள்வி அவர் வீட்டில் நான்கு நாளாகப் பதில் இல்லாமல் கிடந்தது. இரண்டு பேரும் அதைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள்.

"நான்தான் மேடம். வீட்டுல இருந்தா அது என் வேலை."

கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த அவர் மனைவி, சத்தமாக, "நானும்தான்னு சொல்லுங்க" என்றாள்.

"யாரு அது?" என்றார் ஏஇ.

லைன்மேன் அவளைப் பார்த்தார். அவள் பார்வையை விலக்கவில்லை. நெட்டை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

"என் சம்சாரம் மேடம்" என்றார். "ரெண்டு பேரும்தான்."